கண்டி வாவியும் கொடைக்கானல் ஏரியும்: மீன் வழியே ஓர் ஒப்பாய்வு

கண்டி வாவியின் மீனுக்குத் தீனி போடலாம், பிடிக்கக் கூடாது. கொடைக்கானல் ஏரியிலோ மீன்வளத் துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு தூண்டில் போடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் ஆலைப் பாதரசம் அளந்து கண்டறியப்பட்டது கொடைக்கானல் மீனில்தான். நஞ்சு உறுதியான ஏரியின் மீன் தட்டுக்கு வரலாம். அத்தகைய நஞ்சு எதுவும் உறுதியாகாத வாவியின் மீன் வரலாகாது. இந்தத் தலைகீழ் நிலைதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டியது. வைத்துப் பார்த்தபோது, வேற்றுமைகளை விட உறவுகளே அதிகம் வியப்பூட்டின.

இரண்டும் மனிதர் கட்டிய நீர்நிலைகள். ஒன்று வயல்வெளியை மறித்து 1807இல் தொடங்கியது. மற்றது மலைச் சதுப்பை மறித்து 1863இல் உருவானது. ஒன்றைக் கட்டுவித்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் உறவுக் குலத்தவன். மற்றதைச் சொந்தச் செலவில் கட்டியவர் வியர் ஹென்றி லெவிஞ்ச், மதுரை மாவட்டத்தின் கலெக்டராக இருந்தவர். மதுரையோடு தொடர்புடைய இருவர், அரை நூற்றாண்டு இடைவெளியில், கடலுக்கு இரு புறமும் உள்ள இரு மலைகளில், ஒரே வகையான ஆசைக்கு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆசை பாசனம் அல்ல, மீன்பிடியும் அல்ல, காட்சி. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அநுராதபுரத்துக் குளத்துக்கோ சிவகங்கைக் கண்மாய்க்கோ மடை திறக்கும் நாளில் சண்டை போடவாவது ஆள் உண்டு. யாருடைய வயலும் நம்பியிராத ஏரிக்கு ரசிகர்கள் இருப்பார்கள்; காவலர்கள் இருப்பது அரிது. இரு ஏரிகளின் பிற்கால வரலாற்றுக்கும் இந்தப் பிறவிக் குறை ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கொடைக்கானலின் நஞ்சுக்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் உண்டு. செயின்ட் மேரிஸ் சாலையில் 1980களின் நடுப்பகுதியில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை இயங்கத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் ஓடிய இயந்திரங்கள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடப்பதை உள்ளூர்வாசிகளும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குத் திரும்பிப் போனது. ஏழை நாட்டில் சேர்ந்த நச்சுக் கழிவு பணக்கார நாட்டுக்குப் போவது அபூர்வம். இந்த ஒரு காரணத்துக்காகவே கொடைக்கானல் வழக்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

கண்டியின் நஞ்சுக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. அங்கே அழுக்கு ஊருக்கே பொதுவானது. வாவியைச் சுற்றிய மேட்டு வீடுகளின் கழிவுநீர், விடுதிகளின் சமையலறை நீர், பாடசாலைகளின் வடிகால், சுற்றுப்பாதையில் நாள் முழுதும் நெருக்கியடித்து ஊரும் வாகனங்களின் புகையும் எண்ணெயும் ரப்பர் தூளும்: இவை ஒவ்வொரு மழைக்கும் தவணை தவறாமல் வந்து சேர்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்கவும் சக ஆய்வாளர்களும் வாவியின் மாசை ஆராய்ந்த கட்டுரை 1980களிலேயே வெளியாகிவிட்டது. இலங்கையின் பெற்றோலில் 2002 வரை ஈயம் கலந்திருந்தது என்பதை நினைத்தால், அத்தனை ஆண்டுகளின் புகை எங்கே படிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1999இல் வாவி பச்சைச் சாயம் கரைத்தது போல மாறியது. ஹந்தானை அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் ஈ. ஐ. எல். சில்வா அதை மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் பெருக்கம் என்று பதிவு செய்தார்.

ஆக, ஒரு புறம் ஒரே பொருள், ஒரே ஆலை, பதினேழு பதினெட்டு ஆண்டு உற்பத்தி, ஒரு மூடுவிழா. மறு புறம் பல பொருள்கள், பல்லாயிரம் கைகள், இருநூறு ஆண்டுகள், மூடுவிழாவே இல்லாத ஓட்டம். பார்த்த மாத்திரத்தில் முன்னதுதான் பயங்கரமாகத் தெரிகிறது. பின்னதுதான் பிடிபடாதது.

நஞ்சு ஏரிக்கு வந்த வழியிலும் ஒரு முரண் இருக்கிறது. கண்டி வாவி ஒரு கிண்ணத்தின் அடி. சுற்றியுள்ள சரிவில் எது சிந்தினாலும் தானாக உருண்டு அதற்குள் வரும். கொடைக்கானல் ஆலையோ ஏரியின் நீர்ப்பிடிப்புக்கு வெளியே இருந்தது. அதன் பின்புறச் சரிவு பாம்பார் சோலைக்கு இறங்கி, பாம்பாற்றோடு பெரியகுளம் பக்கம் போகிறது. நிலப்படத்தைப் பார்ப்பவர் ஏரி தப்பித்தது என்றே சொல்வார். ஆனால் பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆலையின் காற்றுப் போக்கிகள் வெளியேற்றிய ஆவி மேட்டைத் தாண்டி, மலைப் பனியோடும் மழையோடும் ஏரியில் இறங்கியது. இந்திய அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கருணாசாகரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருப்பதாகக் கண்டது. தொலைவில் உள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளில் அளவு குறைவு. தூரம் கூடக் கூட அளவு குறைவது ஆலையின் கையெழுத்து என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஏரி மீனின் தசையிலும் பாதரசம் இருந்தது.

(பாம்பாற்று அருவிக்கு லிரில் அருவி என்றும் பெயருண்டு. 1970களில் லிரில் சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் நீராடிக் களித்த இடம் அது. லிரில் தயாரித்ததும் இந்துஸ்தான் லீவர்தான். தூய மலைநீரின் சின்னமாக நாடே பார்த்த ஓடைக்கு மேற்புறத்தில் பத்தாண்டு கழித்து வெப்பமானி ஆலை வந்தது. கதையாசிரியன் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்போம்.)

மேலே பார்த்தவரை இரண்டும் எதிரெதிர். ஏரியின் அடிக்கு இறங்கினால் நிலைமை மாறுகிறது. அங்கே சேறு இருக்கிறது, சேற்றில் உயிர்வளி இல்லை. இந்த ஒரு நிலை இரு ஏரிகளிலும் இரு வேறு வேலைகளைச் செய்கிறது. கொடைக்கானலில், உயிர்வளியற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. முன்னது உடலில் அவ்வளவாகத் தங்காது. பின்னது தங்கும், மூளைக்கும் கருவுக்கும் போகும். மேற்சொன்ன ஆய்வு ஏரிச் சேற்றிலிருந்த பாதரசத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு மெத்தில் வடிவில் இருந்ததாகச் சொல்கிறது. பேரிஜத்தில் அந்தப் பங்கே குறைவு. கண்டியில், உயிர்வளியற்ற சேறு தான் பிடித்து வைத்திருந்த பொஸ்பரசை மீண்டும் நீருக்கு விடுகிறது. அந்தப் பொஸ்பரசைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அடியில் விழுந்து அழுகும்போது இன்னும் உயிர்வளி போகிறது. இன்னும் பொஸ்பரசு வெளிவருகிறது.

இதிலிருந்து ஓர் இக்கட்டான உண்மை பிறக்கிறது. கொடைக்கானலும் சுற்றுலா நகரம்; அதன் விடுதிக் கழிவும் ஏரிக்கு வருகிறது, ஆகாயத்தாமரையும் அங்கே புதிதல்ல. சாக்கடை சேரச் சேர அடிச்சேற்றின் உயிர்வளி குறையும். உயிர்வளி குறையக் குறைய மெத்தில் பாதரசம் தோன்றும் சூழல் கூடும். அதாவது கண்டியின் நோய் கொடைக்கானலுக்கும் இருக்கிறது, இருந்து அதன் சொந்த நோயை முற்ற வைக்கிறது. ஆலையை மூடியவர்கள் சாக்கடையையும் மூடியிருந்தால்தான் வேலை பாதியாவது முடிந்திருக்கும்.

இனி மீன். இரண்டு ஏரிகளின் முக்கிய மீன்களும் வந்தேறிகள். கண்டி வாவியில் கண்ணில் படுவது பெரும்பாலும் திலாப்பியா. ஆப்பிரிக்க மீன், இலங்கைக்கு வந்தது 1952இல். தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்று விற்கப்படும் அதே மீன், இந்தியாவுக்கு வந்ததும் அதே 1952இல். கொடைக்கானலில் தூண்டிலுக்குச் சிக்குவது சாதாக் கெண்டை. குளிர்நாட்டு மீனான இது தமிழ்நாட்டு மலைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் பதில் இலங்கை என்று வருகிறது! 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் உதகை ஏரியில் விட்டார்கள்; அங்கிருந்து மற்ற மலை நீர்நிலைகளுக்குப் பரவியது. ஆக இரு ஏரிகளுக்கும் இடையே மதுரை வழியாக ஒரு உறவும் மீன் வழியாக ஒரு உறவும். முன்னது இங்கிருந்து அங்கே போனது. பின்னது அங்கிருந்து இங்கே வந்தது.

மீன்களின் சாப்பாட்டு முறைதான் இன்னும் கூர்மையான பொருத்தம். கெண்டை சேற்றைக் கிளறித் தின்னும். வாயை அடியில் குத்தி, சேற்றை உறிஞ்சி, புழு பூச்சியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். பாதரசம் இருப்பது சேற்றில். திலாப்பியா நீரில் மிதக்கும் பாசியைத் தின்னும். மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சு இருப்பது பாசியில். ஒவ்வொரு ஏரியும் தன் நஞ்சைச் சுமக்கத் தகுந்த மீனைத் தானே தேர்ந்தெடுத்தது போல இருக்கிறது. இடம் மாற்றி விட்டிருந்தால், கொடைக்கானலில் பாசி தின்னும் திலாப்பியா குறைந்த பாதரசத்தோடு பிழைத்திருக்கலாம். அந்தக் குளிரில் அது வாழாது என்பது வேறு விஷயம்.

சமையலறையில் இந்த வேற்றுமை கைக்கே புலப்படும். ஒரு முழு மீனை அரிவாள்மனையில் வைத்து வெட்டுவதைப் பாருங்கள். முதலில் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலை உரசுவது, செட்டைகளை நறுக்குவது, செவுள் மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் சிவந்த பூவைப் பிய்த்தெடுப்பது, வயிற்றைக் கீறி ஈரலும் குடலும் பித்தப்பையும் உடையாமல் வழித்தெறிவது, உள்ளே முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்தத்தை நகத்தால் சுரண்டுவது, உப்பும் புளியும் போட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலசுவது. இந்த வேலையில் கண்டி வகை நஞ்சின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஈயம் அதிகம் தங்குவது எலும்பிலும் செவுளிலும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும். மைக்ரோசிஸ்டின் ஈரலிலும் குடலிலும். நகத்தால் சுரண்டி எறிந்த அந்தக் கறுத்த பகுதியே மீனின் சிறுநீரகம். நாற்றம் போக வேண்டும் என்று பாட்டிமார் செய்தது நஞ்சையும் ஓரளவு போக்கியிருக்கிறது.

கொடைக்கானல் கெண்டையை இதே அக்கறையோடு வெட்டினாலும் பயன் சொற்பம். மெத்தில் பாதரசம் புரதத்தோடு பிணைவது; அது உட்கார்ந்திருப்பது தசையில், நாம் மீன் என்று சொல்லித் தின்னும் அதே வெள்ளைச் சதையில். தோலை உரித்தாலும் கொழுப்பைச் சீவினாலும் அது போகாது. வறுத்தால் நீர் வற்றி, எடைக்கு எடை அதன் பங்கு கூடவும் செய்யும். கொறுக்காய்ப்புளி போட்டு மண்சட்டியில் வற்ற வைத்தாலும் அப்படியே. ஆனால் கண்டிப் பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: மைக்ரோசிஸ்டின் கொதிக்க வைத்தால் அழியாது. வெட்டும்போது போகாதது அடுப்பில் போகாது. குஞ்சு மீன்களை வயிறு கீறாமல் முழுதாகப் பொரித்தோ கருவாடாக்கியோ தின்பவர்கள், கத்தி தரும் பாதுகாப்பைத் தாங்களே தள்ளிவிடுகிறார்கள்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். மீனைக் கண்டே அஞ்சுவது இந்த ஒப்பீட்டின் நோக்கமல்ல. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு, வளரும் கருவைக் காப்பதை முன்னிட்டு, மெத்தில் பாதரசத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் என்று 2003இல் வரம்பு வைத்தது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம். பல நாடுகள் மீனுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பான கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தொட்ட மீன் என்றால், 160 கிராமில் அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும். குழம்பில் இரண்டு துண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா வந்து படகுத்துறைப் பக்கம் ஒரு பொரித்த கெண்டை தின்பவருக்கு இது பொருட்டல்ல. ஏரிக்கரையிலேயே குடியிருந்து வாராவாரம் தின்னும் கர்ப்பிணிக்குப் பொருட்டு. ஒரே மீன், ஒரே நஞ்சு. ஆபத்து தின்பவரைப் பொறுத்தது.

கண்டியில் அந்தக் கேள்வியே எழாமல் காத்தது விஞ்ஞானம் அல்ல. வாவிக்கரைப் பௌத்தத் தலமான தலதா மாளிகையின் முன்றிலில் உயிர் கொல்லலாகாது என்ற உணர்வு, ஆய்வறிக்கை எதையும் விட வலிய மீன்பிடித் தடை. இந்த உணர்வின் வீச்சு வாவியோடு நின்றதும் இல்லை. 1990இல் இலங்கை அரசு உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவையே விலக்கிக்கொண்டது. பௌத்த அமைப்புகளின் எதிர்ப்பு முக்கிய காரணம். 1994இல் ஆதரவு திரும்பியது. அந்த இடைவெளியில் மீனவர் குடும்பங்கள் பட்ட இழப்பு வேறு கணக்கு. ஆனால் வாவியைப் பொறுத்தவரை, புனிதம் தற்செயலாக ஓர் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் வேலையைச் செய்திருக்கிறது. அந்த அதிகாரிக்குக் கட்டுப்படாதவை நீர்க்காகங்களும் கபரகொய்யா என்னும் நீருடும்புகளும் மட்டுமே. கரையோர மரங்களில் அடையும் நீர்க்காகங்களின் எச்சம் நடைபாதையில் வெள்ளையடித்திருப்பதைக் கண்டி வாசிகள் சலித்துக்கொள்வார்கள். வாவி மீனின் நஞ்சை உண்மையில் யார் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவருக்கு அந்தப் பறவைகளின் இறகு நல்ல தொடக்கம்.

கொடைக்கானலில் இதற்கு நிகரான தடை ஏதும் உருவாகவில்லை. அங்கே மீன் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கைத் தடுக்க அறிக்கை மட்டும் போதாது.

ஆனால் கண்டியின் புனிதம் வான்கதவோடு முடிந்துவிடுகிறது. வாவி வழிந்தால் அதன் பெயர் மெத எல. அது போகம்பரைப் பக்கமாக நகரின் வயிற்றுக்குள் நுழைந்து, பெரியாஸ்பத்திரியைத் தாண்டி, வாகனம் கழுவும் நிலையங்களின் எண்ணெயையும் கடைகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு, கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையில், ஆற்றங்கரையை ஒட்டிய கொஹாகொட குப்பைமேட்டின் கசிவும் அதே ஆற்றுக்குத்தான். 1976இல் கட்டிய பொல்கொல்ல அணையில் ஆறு இரண்டாகிறது. ஒரு பகுதி ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் சுரங்கம் வழியே உக்குவெலைக்குப் போய், வடமத்திய மாகாணக் குளங்களைச் சேர்கிறது. மறு பகுதி பழைய தெல்தெனியவை மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு. பல்லேகல கைத்தொழிற் பேட்டை இருப்பதும் விக்டோரியாவின் நீர்ப்பிடிப்பில்தான். வாவியில் தொடக்கூடாத திலாப்பியா, விக்டோரியாவில் வலையில் விழுந்து திகனப் பக்கம் கிலோக் கணக்கில் விலையாகிறது. மீன் ஒன்றே, நீர் ஒன்றே. இடையில் மாறியது இடத்தின் மதிப்பு மட்டும்.

பொல்கொல்ல வழியே மலைநாட்டு நஞ்சு வடக்கே போகிறதா என்ற கேள்விக்கும் பேராதனைதான் முதலில் குரல் கொடுத்தது. ஜே. எம். ஆர். எஸ். பண்டாரவும் குழுவினரும் 2008இல், வடமத்திய மாகாண விவசாயிகளின் சிறுநீரக நோயை அரிசியிலும் திலாப்பியாவிலும் உள்ள காட்மியத்தோடு தொடர்புபடுத்தினார்கள். மேல் மகாவலித் தோட்டங்களில் கொட்டும் பொஸ்பேற்று உரத்தைக் காரணம் காட்டினார்கள். பின்வந்த அளவீடுகள் பல, நீரில் அவ்வளவு காட்மியம் இல்லை என்றன. நோயின் காரணம் பற்றிய வாதம் இன்னும் அடங்கவில்லை. இங்கே கொடைக்கானலோடு உள்ள வேறுபாடு படிப்பினை தருகிறது. ஆலை ஒன்று என்றால், தூரத்தோடு அளவு குறைவதைக் காட்டினால் போதும்; குற்றம் ஏறக்குறைய உறுதி. ஒரு ஆறு முழுதும் மூலம் என்றால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் எதிர் அளவீடு கிடைக்கும்.

பொறுப்பேற்பதும் இதன்படியே. கொடைக்கானலில் வழக்குத் தொடர ஓர் ஆள் இருந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே 2016 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் உடல்நலம் கெட்டதற்குத் தன் ஆலை காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. ஆலை மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்பதிலும் நெடிய இழுபறி; 20 என்ற வரம்பு தளர்வானது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். இத்தனைக்கும் நடுவில் பேச்செல்லாம் தொழிலாளியையும் மண்ணையும் பற்றியது. ஏரி மீனைத் தின்பவர் எந்த வழக்கிலும் கட்சிக்காரராக இல்லை. கண்டியில் வழக்குத் தொடர ஆளே இல்லை, எல்லோரும் பிரதிவாதிகள். ஆனால் அங்கே வேறொன்று நடந்திருக்கிறது: ஜப்பானியக் கடனுதவியில் நகரக் கழிவுநீரைக் குழாயில் சேர்த்து கன்னொறுவையில் சுத்திகரிக்கும் திட்டம். குற்றவாளி கிடைத்த ஊரில் வழக்கு ஓடியது, குற்றவாளி கிடைக்காத ஊரில் குழாய் பதிக்கப்பட்டது. எது மேல் என்று கேட்டால், மீனின் பக்கம் நின்று சொல்வதானால் குழாய் என்பேன்.

தூர்வாருவதிலும் இரு ஏரிகளும் பிரிகின்றன. கண்டி வாவியில் சேற்றை அள்ளினால் பொஸ்பரசின் சேமிப்பு குறையும். ஊரும் மகிழும், நாளிதழில் படமும் வரும். கொடைக்கானலில் அதே இயந்திரத்தை இறக்கினால், அடங்கிக் கிடக்கும் பாதரசம் கலங்கி நீருக்கு வரும். அள்ளிய சேறும் அபாயக் கழிவு. அங்கே சில காலம் சும்மா விடுவதே நல்ல பராமரிப்பாக இருக்கலாம். ஆனால் கண்டிச் சேறும் அப்பாவி அல்ல; அதில் பல பத்தாண்டுகளின் ஈயம் இருக்கக்கூடும். அதை எந்தத் தோட்டத்தில் உரமாகக் கொட்டுகிறார்கள் என்பதை யாராவது பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கண்டியில் குடியிருப்பவர் பாதரசத்துக்கு அஞ்ச வேண்டுமானால் வாவியைப் பார்க்க வேண்டியதில்லை. திருகோணமலையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் பனிக்கட்டியில் வரும் பெரிய கடல் மீன்களில்தான், குறிப்பாக வாள்மீனில், அது இயல்பாகவே கூடுதல். உணவுச் சங்கிலியின் உச்சியில் வாழும் மீனுக்கு ஆலையே தேவையில்லை, வயதே போதும். பாசி தின்னும் விக்டோரியாத் திலாப்பியா பாதரசத்தைப் பொறுத்தவரை வாள்மீனை விடப் பாதுகாப்பானது. அதன் ஈரலும் பூவும் வேறு கதை.

ஆகவே இரு ஊர்களும் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டிய பொட்டலங்கள் வேறு வேறு. கொடைக்கானல் அனுப்ப வேண்டியது பெரிய கெண்டையின் தசை. மீன் பெரிதாகப் பெரிதாகப் பாதரசம் சேர்வதால் நீளம், எடை வாரியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது, முடிவைத் தூண்டில் சீட்டு தரும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். கண்டி அனுப்ப வேண்டியது விக்டோரியாவிலும் பொல்கொல்லவுக்கு மேலும் கீழும் பிடித்த திலாப்பியாவின் ஈரலும் தசையும், இரண்டையும் தனித்தனியாக, பாசி பெருகும் மாதங்களில் ஒருமுறையும் மற்ற மாதங்களில் ஒருமுறையும். கூடவே முழுதாகத் தின்னப்படும் குஞ்சுக் கருவாடு ஒரு பொட்டலம்.